பழைய வார் கோப்பு, புதிய டாம்கேட், எல்லாப் பக்கமும் 404

2023 செப்டம்பர் 4, வாசகர் கேள்வி

2008 வாக்கில் யாரோ ஸ்ட்ரட்ஸ் 1 என்ற பழைய ஜாவா வலைச் சட்டகத்தில் எழுதிக் கொடுத்த செயலி ஒன்று எங்களிடம் இருக்கிறது. டாம்கேட் 6 (ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர்), ஜாவா 6இல் இத்தனை வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. இப்போது சர்வர் இயந்திரத்தையே மாற்றுகிறார்கள். புதியதில் டாம்கேட் 10.1, ஜாவா 17 நிறுவி, வெப்ஆப்ஸ் ஃபோல்டரில், செயலி முழுவதையும் கட்டிவைத்த வார் கோப்பைப் போட்டேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404. சோர்ஸ் கோடு பாதிதான் கையில் இருக்கிறது. பழைய ஜாவா நிரல் புதிய ஜாவாவிலும் ஓடும் என்றுதானே சொல்வார்கள்? கோடைத் தொடாமல் ஓடவைக்க வழி சொல்லுங்கள் அண்ணா.

2023 செப்டம்பர் 4, இரவு

பிரவுசரை மூடிவிட்டு லாக்கைத் திறங்கள். லாக்ஸ் ஃபோல்டரில் கேட்டலினா லாக் மட்டும் போதாது, லோக்கல்ஹோஸ்ட் என்று ஆரம்பிக்கும் கோப்பையும் பாருங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். செயலியோடு சேர்ந்து தொடங்க வேண்டிய ஒரு லிஸனரோ ஃபில்டரோ ஏற முடியாமல் விழுந்தால் டாம்கேட் அந்தச் செயலி முழுவதையும் நிறுத்திவிடும். அப்புறம் எதைக் கேட்டாலும் 404தான். 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' என்று தொடங்கும் ஏதோ ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை என்ற வரி அங்கே இருக்கும், பந்தயம்.

ஜாவா தன் வாக்கைக் காப்பாற்றித்தான் இருக்கிறது. ஜாவா 6இல் கம்பைல் செய்த கிளாஸ் கோப்பை ஜாவா 17 படித்துவிடும். மாறியது சர்வ்லெட் ஏபிஐயின், அதாவது செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தின், பேக்கேஜ் பெயர். டாம்கேட் 9 வரை ஜாவாக்ஸ், 10 முதல் ஜகார்த்தா. உங்கள் ஸ்ட்ரட்ஸ் ஜார் (நூலகக் கோப்பு) பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை.

10.1ஐ எடுத்துவிட்டு டாம்கேட் 9 போடுங்கள். ஜாவா 17ஐயும் எடுத்துவிட்டு 8 போடுங்கள். முதலில் ஓடட்டும்.

2023 செப்டம்பர் 5

ஜாவா 17 என்ன தப்பு செய்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றும் செய்யவில்லை. இயந்திரம், ஓஎஸ், ஜாவா, டாம்கேட் நான்கையும் ஒரே ராத்திரியில் மாற்றினால், காலையில் வரும் பிழை எதனால் வந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. டாம்கேட் 9க்குக் குறைந்தபட்சம் ஜாவா 8 வேண்டும், அதனால் 8. ஜாவா 11இல் எக்ஸ்எம்எல், வெப் சர்வீஸ் வேலைக்கான ஜாக்ஸ்பி, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் எல்லாம் ஜேடிகே என்ற ஜாவா தொகுப்பிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன. எக்ஸ்எம்எல் படிக்கும் பழைய செயலிகளில் பாதி அங்கே வந்துதான் விழும். 8இல் அவை இன்னும் உள்ளேயே இருக்கின்றன. டாம்கேட் 9 நிலைத்த பிறகு ஜாவாவை மட்டும் தனியாக 11, 17 என்று ஏற்றலாம். 9 அதற்கும் தடை சொல்லாது.

2023 செப்டம்பர் 5, மாலை

'எதற்காக ஐயா பெயரை மாற்றினார்கள், வேலை இல்லையா?' என்று கேட்பவருக்கு: ஜாவா ஈஈயை (சர்வ்லெட் முதலான சர்வர் பக்க ஏபிஐகளின் தொகுப்பு) எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுப்பதாக ஆரக்கிள் 2017இல் அறிவித்தது. கோடு கைமாறியது, 'ஜாவா' என்ற வணிகப் பெயரின் உரிமை மாறவில்லை. பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, ஜாவாக்ஸ் பெயரில் உள்ள பேக்கேஜ்களை இனி மாற்றி வளர்க்க முடியாது என்று 2019 மே மாதம் தெரிவித்தார்கள். இருந்ததை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒரு மெதட் கூடச் சேர்க்கக் கூடாது. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9இல் மொத்தமாகப் பெயர் மாற்றினார்கள். அந்த வெளியீட்டில் புதிய வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பெயர் மாற்றம்தான் வேலை.

இதில் ஒரு வேடிக்கை. டாம்கேட், ஸ்ட்ரட்ஸ் இரண்டுமே ஒரு காலத்தில் அப்பாச்சியின் 'ஜகார்த்தா' திட்டத்துக்குள் இருந்தவை. அந்தத் திட்டத்தை 2011இல் இழுத்து மூடினார்கள். டாம்கேட் சுற்றிக்கொண்டு அதே ஊருக்கு வந்திருக்கிறது.

2023 செப்டம்பர் 7

மேலே ஒருவர் 'ஜாவாக்ஸ் என்று இருக்கும் இடத்திலெல்லாம் ஜகார்த்தா என்று ஒரே கமாண்டில் மாற்றிவிடு, முடிந்தது' என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெயர் மாறியவை ஜாவா ஈஈயைச் சேர்ந்தவை மட்டும். ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ, ஜாவாக்ஸ்.நெட் எல்லாம் ஜேடிகேயின் சொந்தப் பிள்ளைகள், பழைய பெயரிலேயே இருக்கின்றன. சில குடும்பங்கள் நடுவில் பிரிந்திருக்கின்றன. ஜாவாக்ஸ்.டிரான்சாக்‌ஷன் மாறியது, அதற்குள் இருக்கும் எக்ஸ்ஏ மாறவில்லை. ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் மாறியது, பார்சர்ஸ் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் டேட்டாபேஸ் தொடர்புக்கான டேட்டாசோர்ஸ் என்ற அடிப்படை இன்டர்ஃபேஸே கிடைக்காமல் போகும். சோர்ஸ் முழுவதும் கையில் இருப்பவர்கள் ஓப்பன்ரீரைட் என்ற, கோடைத் தானாக மாற்றும் கருவியின் ரெசிபியைப் பயன்படுத்தலாம், அதற்கு இந்த வேறுபாடு தெரியும்.

கேட்டவரிடம் பாதி சோர்ஸ்தான் இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

2023 செப்டம்பர் 11

டாம்கேட் 9இல் முகப்புப் பக்கம் வந்துவிட்டது, சில ஜேஎஸ்பிகள் (ஜாவா கலந்த பக்கக் கோப்புகள்) 500 என்ற சர்வர் பிழை தருகின்றன என்கிறார். மேற்கோள் குறி விவகாரம். இரட்டை மேற்கோளுக்குள் ஒரு ஜாவா எக்ஸ்பிரஷன், அந்த எக்ஸ்பிரஷனுக்குள் மீண்டும் இரட்டை மேற்கோள் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதினோம், டாம்கேட்டின் ஜேஎஸ்பி கம்பைலரான பழைய ஜாஸ்பரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு விதிப்படி நடக்க ஆரம்பித்துவிட்டது. வெளிக்குறியை ஒற்றை மேற்கோளாக்கினால் போதும். ஜேஎஸ்பி கோப்புகள் வாருக்குள் அப்படியே திறந்த எழுத்தாகத்தான் இருக்கும், அதற்கு சோர்ஸ் தேவையில்லை. கண்டிப்பைத் தளர்த்த ஜாஸ்பரில் ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் பத்துப் பதினைந்து கோப்புதான் என்றால் திருத்திவிடுவதே மேல்.

செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லின், பதிப்பைச் சொல்லும் தலைப்பை மட்டும் தொடாதீர்கள். 2.3 டிடிடி என்று இருந்தால் அப்படியே விடுங்கள். 2.3 செயலிகளில் டாலர் குறியும் அடைப்பும் கொண்ட எக்ஸ்பிரஷன் மொழியை ஜேஎஸ்பி கண்டுகொள்ளாது. தலைப்பை 2.4 அல்லது அதற்கு மேல் ஆக்கிய நொடியில் கண்டுகொள்ள ஆரம்பிக்கும். பின்னாளில் யாராவது அந்தப் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் டெம்ப்ளேட் எழுதியிருந்தால், அதில் உள்ள டாலர் அடைப்புகளை சர்வர் தன்னுடையது என்று எண்ணி வெறுமையாக்கிவிடும். பிழை கிடையாது, லாக் கிடையாது. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராது, அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 12

ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் மேக்ஸ்பெர்ம்சைஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது அளவு குறித்த பெர்ம்ஜென் என்ற மெமரிப் பகுதி ஜாவா 8இலேயே போய்விட்டது. 8 ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஓடும். 17 அப்படி ஓர் ஆப்ஷனே தெரியாது என்று சொல்லிக் கிளம்பவே மறுக்கும். பழைய ஸ்கிரிப்டை அப்படியே காப்பி அடித்துவிட்டு 'ஜாவா 17 எங்கள் லினக்ஸுக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று டிக்கெட் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

2023 செப்டம்பர் 23

ஓடிவிட்டது, நன்றி என்று எழுதியிருக்கிறார். இழையை மூடலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். மூடாதீர்கள். கத்துகிற பிழையெல்லாம் முதல் நாளே தீர்ந்துவிடும். கத்தாத மாற்றங்கள் இனிமேல்தான் வரும்.

என் அனுபவத்தில் அதில் முதலிடம் கனெக்‌ஷன் பூலுக்கு, அதாவது டேட்டாபேஸ் தொடர்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் பகுதிக்கு. டாம்கேட் 7 வரை உள்ளே இருந்த பூல் நூலகம் டிபிசிபி 1. டாம்கேட் 8 முதல் டிபிசிபி 2. அதில் சில அமைப்புகளின் பெயர் மாறியது. தொடர்புகளின் உச்ச எண்ணிக்கையைச் சொல்லும் மேக்ஸ்ஆக்டிவ் என்பது மேக்ஸ்டோட்டல் ஆனது, மேக்ஸ்வெயிட் என்பது மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆனது. பழைய பெயர்களை கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் விட்டுவைத்தால் டாம்கேட் நிற்காது. இந்தப் பெயர் இப்போது பயனில் இல்லை என்று ஒரே ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டு இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். மேக்ஸ்டோட்டலின் இயல்பு மதிப்பு 8. காத்திருக்கும் நேரத்தின் இயல்பு மதிப்பு முடிவே இல்லாதது.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். சம்பளப் பட்டியல் செயலி. பழைய அமைப்பில் மேக்ஸ்ஆக்டிவ் 60. புதிய சர்வருக்கு மாற்றியவர்கள் சோதித்தபோது இரண்டு மூன்று பேர்தான் உள்ளே இருந்தார்கள், எல்லாம் பறந்தது. மாதக் கடைசி வந்தது, எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன, செயலி உறைந்தது. சிபியு சும்மா இருக்கிறது, மெமரி சும்மா இருக்கிறது, டேட்டாபேஸ்காரர் 'என் பக்கம் எட்டே கனெக்‌ஷன், நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்' என்கிறார். அந்த எட்டுதான் விடை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நெட்வொர்க் ஆட்களை எழுப்பினார்கள், ஃபயர்வாலைச் சந்தேகித்தார்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், அதனால் சந்தேகம் இன்னும் குழம்பியது. நான் போனதும், எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் ஒன்று எடுத்தேன். ஏறக்குறைய எல்லா த்ரெட்டும் ஒரே வரியில், பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷனுக்காகக் காத்து நிற்கின்றன. கல்யாணப் பந்தியில் எட்டே இலை போட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டது போல. லாக்கின் தொடக்கத்துக்குப் போனால் அந்த எச்சரிக்கை வரி சாதுவாக உட்கார்ந்திருந்தது.

எனவே கேட்டவருக்கு: கேட்டலினா லாக்கை மேலிருந்து படியுங்கள். 'டிபிசிபி2' என்று தேடுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் மாதக் கடைசிக்கு முன் சரிசெய்யுங்கள். திருப்பித் தராத தொடர்பைப் பிடுங்கிக்கொள்ளும் ரிமூவ்அபாண்டண்டும் இதே கதைதான், இரண்டு பெயர்களாகப் பிரிந்திருக்கிறது.

2023 செப்டம்பர் 24

கிடைத்ததாம். இரண்டு வரிகள்.

2023 அக்டோபர் 2

தேடல் பெட்டியில் தமிழ்ப் பெயர் போட்டால் கேள்விக்குறிகளாக மாறுகிறது, படிவத்தில் சேமித்தால் சரியாக இருக்கிறது என்று புதிதாக வந்த இன்னொருவர் கேட்கிறார். இதற்கு விடை அந்தக் கால ஜுகாடுக்குள் (ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும் வழி) இருக்கிறது.

டாம்கேட் 7 வரை யூஆர்எல்லில் வரும் அளவுருக்களை ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ் யூட்டிஎஃப்-8ஆக வந்து சேரும், குப்பையாக உடையும். கனெக்டரில் யூஆர்ஐஎன்கோடிங் என்று ஒரு சொல் எழுதினால் தீரும். ஆனால் சர்வர் அமைப்பைத் தொட அனுமதி இல்லாத புரோகிராமர்கள் என்ன செய்தார்கள்? வந்த சரத்தை 8859-1 பைட்டுகளாக உடைத்து, அதை யூட்டிஎஃப்-8ஆகத் திரும்ப ஒட்டினார்கள். ஒரே வரி, எல்லாச் செயலிகளிலும் ஒட்டிக்கொண்டது. நன்றாகவும் வேலை செய்தது.

டாம்கேட் 8இல் யூஆர்எல்லின் இயல்பு என்கோடிங்கே யூட்டிஎஃப்-8 ஆகிவிட்டது. இப்போது தமிழ் சரியாகவே உள்ளே வருகிறது. அந்தப் பழைய வரி அதை மீண்டும் 8859-1 பைட்டுகளாக உடைக்கப் பார்க்கிறது. அந்த எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறி. போஸ்டில் வரும் படிவத்துக்கு இந்த மாற்றம் பொருந்தாது, சொல்லாவிட்டால் 9இலும் அது 8859-1தான். அதனால் அங்கே பழைய ஜுகாடு இன்னும் ஓடுகிறது. தேடலில் உடைவதும் சேமிப்பில் உடையாததும் இதனால்தான்.

சோர்ஸ் இருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, என்கோடிங் ஃபில்டர் ஒன்றை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். இல்லாவிட்டால் கனெக்டரில் யூஆர்ஐஎன்கோடிங்கை 8859-1 என்று பழையபடி எழுதிவிடுங்கள். அழகில்லைதான், ஆனால் கோடைத் தொடாமல் ஓடும்.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி, டேப் எழுத்துருவில் சேமித்த தரவு உள்ளவர்கள் இங்கே கேட்காதீர்கள், அது தனி வனவாசம். தரவைத்தான் யூனிகோடாக மாற்ற வேண்டும், சர்வர் அமைப்பில் அதற்கு மருந்து இல்லை.

2023 அக்டோபர் 3

சத்தமில்லாமல் மாறும் இன்னும் சில, ஞாபகம் வந்த வரிசையில்.

ரிப்போர்ட்டில் பத்திகள் இடம் மாறினால் ஹேஷ்மேப்பைச் சந்தேகியுங்கள். அதன் வரிசைக்கு என்றுமே உத்தரவாதம் கிடையாது, ஜாவா 8இல் உள் கணக்கு மாறியதால் பலருக்கு அது அன்றுதான் தெரிந்தது. வரிசைப்படுத்தும்போது 'ஒப்பீட்டு விதி மீறப்பட்டது' என்று விழுந்தால் அது ஜாவா 7இன் புதிய சார்ட். உங்கள் கம்பேரேட்டரில் ஓட்டை, பழைய சார்ட் அதைச் சொல்லாமல் விட்டது. பழையதைத் திரும்பக் கொண்டுவர ஒரு சிஸ்டம் பிராப்பர்ட்டி இருக்கிறது. டொமைன் பெயர் புள்ளியில் தொடங்கும் குக்கிகளை டாம்கேட் 8.5 முதல் ஏற்காது. யூஆர்எல்லில் குழாய்க்குறி, வளைவு அடைப்பு வந்தால் 400.

முன்னால் அப்பாச்சி வெப் சர்வரை வைத்து ஏஜேபி என்ற நெறிமுறை வழியாக டாம்கேட்டுடன் பேசுபவர்கள்: 9.0.31 முதல் ஏஜேபி கனெக்டர் இயல்பாகவே மூடியிருக்கும், திறந்தாலும் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கும், ரகசியச் சொல் கொடுக்காவிட்டால் கிளம்பாது. 2020இல் வந்த கோஸ்ட்கேட் ஓட்டைக்குப் பிறகு செய்த ஏற்பாடு அது. ரகசியச் சொல் தேவையில்லை என்று எழுதி அதை அணைக்கும் வழியை யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள்.

2023 நவம்பர் 18

'இதெல்லாம் டாம்கேட்டினால் வரும் தொல்லை, ஒழுங்கான என்டர்பிரைஸ் சர்வரில் போட்டிருந்தால் வந்திருக்காது' என்று ஒரு வெப்லாஜிக் அன்பர். வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் மூன்றிலும் நான் குப்பை கொட்டியிருக்கிறேன். அங்கே தொல்லை வேறு கதவு வழியாக வரும், அதன் பெயர் கிளாஸ்லோடர், கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி. சர்வரே நூற்றுக்கணக்கான ஜார்களைத் தூக்கிக்கொண்டு வருகிறது. உங்கள் செயலியின் வெப்-இன்ஃப் ஃபோல்டரில் ஜெர்சிஸ் என்ற எக்ஸ்எம்எல் நூலகத்தின் பழைய பதிப்பு ஒன்று, சர்வரிடம் புதிய ஜெர்சிஸ் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு கிளாஸ், ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது என்று விழும். செயலியின் ஜாரையே முதலில் எடு என்று சொல்ல வெப்லாஜிக்கில் 'பிரிஃபர் வெப்-இன்ஃப் கிளாசஸ்', வெப்ஸ்பியரில் 'பேரன்ட் லாஸ்ட்' என்று ஆளுக்கொரு மந்திரம்.

ஜேபாஸ் 4இல் எல்லாச் செயலிகளும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் கிளாஸ்களைப் போட்டு வைக்கும். பக்கத்துச் செயலியின் ஜாரை நம்பி ஓடிய செயலிகளும் உண்டு, எழுதியவருக்கே தெரியாது. 2011இல் வந்த ஜேபாஸ் 7 அதை மாட்யூல்களாகப் பிரித்துச் சுவர் எழுப்பியது, இன்றைய வைல்டுஃப்ளையும் அந்த வழிதான். அங்கே டிப்ளாய்மென்ட் ஸ்ட்ரக்சர் என்று தனி எக்ஸ்எம்எல் எழுதி எந்த மாட்யூல் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வைல்டுஃப்ளை 26 வரை ஜாவாக்ஸ், 27 முதல் ஜகார்த்தா. பெயர் மாற்றம் அங்கேயும் தப்பவில்லை.

பழைய செயலிகளிடம் கருணை காட்டுவது என்றால் ஐபிஎம்மின் லிபர்ட்டி சர்வரைச் சொல்வேன். எந்த சர்வ்லெட் பதிப்பு வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம், சர்வரைப் புதுப்பித்தாலும் அது மாறாது. இந்த ஆண்டு வந்த ஜெட்டி 12 ஒரே சர்வரில் ஜாவாக்ஸ் செயலியையும் ஜகார்த்தா செயலியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறது. ஆனால் கேட்டவர் டாம்கேட்டிலிருந்து வருகிறார். சர்வரின் பிராண்டையும் சேர்த்து மாற்றினால் அது ஐந்தாவது மாற்றம்.

2024 ஜனவரி 9

புதிய வார் போட்டதும் பயனர்கள் ஏற்றிய படங்கள் எல்லாம் காணாமல் போயின என்று கேள்வி. படங்களைச் செயலியின் ஃபோல்டருக்குள்ளேயே சேமித்திருப்பார்கள், அந்த ஃபோல்டரின் பாதையைத் தரும் கெட்ரியல்பாத் என்ற மெதடைக் கோடில் தேடுங்கள். புது வார் வந்தால் டாம்கேட் பழைய விரித்த ஃபோல்டரை அழித்துவிட்டுத்தான் புதிதாக விரிக்கும். பேக்கப்பிலிருந்து எடுங்கள். வாரை விரிக்காமலே ஓட்டும் சர்வரில் அந்த மெதட் வெறும் நல் தரும், அங்கே முதல் நாளே மாட்டியிருப்பீர்கள், ஒருவிதத்தில் அது நல்லது.

2024 ஏப்ரல் 6

டாம்கேட் 8.5இன் ஆதரவு மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. 9இல் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கேட்டவர் இப்போது அடுத்த கேள்விக்கு வந்திருக்கிறார்: 10.1க்குப் போக வழியே இல்லையா?

இருக்கிறது. சென்ற ஆண்டு அதை நான் சொல்லவில்லை, இப்போது சொல்வதற்கும் கொஞ்சம் தயக்கம். டாம்கேட் 10இல் வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்தில் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் பழைய வாரைப் போட்டால், டாம்கேட்டே பைட்கோடில் பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் வைத்து ஓட்டும். எதை மாற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குத் தெரியும். சோர்ஸ் தேவையில்லை. இதே வேலையைத் தனியாகச் செய்யும் மைக்ரேஷன் கருவியும் அப்பாச்சியிடம் உண்டு. ஒரு ஸ்ட்ரட்ஸ் 1 செயலியைச் சோதனை இயந்திரத்தில் அப்படிப் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது. ரிஃப்ளெக்‌ஷனில் (ஓடும்போதே பெயர் சொல்லிக் கிளாஸைத் தேடுவது) பெயரைத் துண்டு துண்டாக ஒட்டிக் கூப்பிடும் இடம் இருந்தால் அது மட்டும் மாறாமல் நழுவிவிடும்.

தயக்கம் ஏன் என்றால், இப்படி மாறிய ஜார்கள் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஜார்கள். ஹாஷ் வைத்து அடையாளம் காணும் பாதுகாப்பு ஸ்கேனருக்கு உங்கள் ஸ்ட்ரட்ஸ் இனி ஸ்ட்ரட்ஸ் இல்லை. அறிக்கை பச்சையாக வரும், மேலாளர் மகிழ்வார். ஸ்ட்ரட்ஸ் 1க்கு 2013உடன் ஆதரவு முடிந்தது, 2014இல் கிளாஸ்லோடர் வரை கைநீட்ட விடும் ஓட்டை வந்தது, அது அப்படியே உள்ளே இருக்கும்.

அதனால் 9இல் இருக்கும்போதே முதலில் ஸ்ட்ரட்ஸ் பயன்படுத்தும் காமன்ஸ் பீன்யூட்டில்ஸ் ஜாரை 1.9.4 ஆக்குங்கள், அந்த ஓட்டைக்கு வழியான 'கிளாஸ்' என்ற பண்பை அது இயல்பாகவே மறைத்துவிடும். கூடவே காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் 3.2.2. இரண்டும் ஜார் மாற்றம் மட்டும்தான், எல்லாப் படிவங்களையும் ஒருமுறை சமர்ப்பித்துப் பாருங்கள். லாக் எழுதும் நூலகமான லாக்4ஜே 1 இருந்தால் அதன் இடத்தில் ரீலோட்4ஜே என்ற திருத்திய பதிப்பு.

2024 ஏப்ரல் 7

'லாக்4ஷெல் வந்தபோது நாங்கள் பழைய பதிப்பில் இருந்ததால் தப்பித்தோம்' என்று பெருமைப்படுபவருக்கு: லாக்4ஷெல் என்பது லாக்4ஜே 2இன் ஓட்டை, உங்களிடம் இருக்கும் லாக்4ஜே 1.2இன் ஆதரவு 2015இலேயே முடிந்தது. அதற்கென்று தனி ஓட்டைகள் இருக்கின்றன, செய்தித்தாளில் வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

2024 ஏப்ரல் 19

பீன்யூட்டில்ஸ் மாற்றிய பிறகு ஒரே ஒரு படிவத்தில் தேதி காலியாக இருந்தால் பிழை வருகிறதாம். பழைய ஜார் காலியை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை விட்டுவிடுங்கள், ஆக்‌ஷன் சர்வ்லெட்டின் 'கன்வர்ட்நல்' என்ற தொடக்க அளவுரு வெப்.எக்ஸ்எம்எல்லில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். தேதிக்குத் தனியாக ஒரு கன்வர்ட்டர் பதிவு செய்திருந்தால் அதன் கிளாஸ் பெயரையும் இங்கே போடுங்கள்.